விடுதி மொட்டைமாடியில் காபிக்கொட்டை வறுத்து விற்பது: கட்டுப்படியாகுமா?

பெரியதெரு விடுதி:

எல்லாருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறேன். பத்துப் பன்னிரண்டு அறைதான். பார்த்தசாரதி கோயிலுக்கு வருகிறவர்கள், பரீட்சை எழுத வரும் பிள்ளைகள், கண் ஆபரேஷனுக்கு அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள், சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் அதற்கு வருகிறவர்கள். யாராக இருந்தாலும் விடிந்ததும் கேட்பது காபி. முன்பு பக்கத்து மெஸ்ஸில் பிளாஸ்கில் வாங்கி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் பாட்டி வீட்டுப் பரணில் கைப்பிடி போட்டுச் சுற்றுகிற இரும்பு உருளை ஒன்று கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி இங்கே கொண்டுவந்தேன். ஏற்காட்டில் தெரிந்தவர் மூலமாகப் பச்சைக்கொட்டை வரவழைத்து, மாடியில் கேஸ் அடுப்பு வைத்து வறுக்கிறேன். ஒரு தடவைக்கு அரை கிலோ பிடிக்கும். இப்போது விடுதிக் காபி முழுக்க அந்தப் பொடிதான். அறையைக் காலி செய்யும்போது "ஒரு கால் கிலோ கட்டிக் கொடுங்க சார்" என்று கேட்காதவர்கள் குறைவு. காரைக்குடி அம்மா ஒருவர் கூரியரில் அனுப்பச் சொல்கிறார்.

ஒரு கிலோ பிடிக்கிற கேஸ் டிரம் மிஷின் வாங்கிப் போட்டு, பாக்கெட் வியாபாரமாகவே செய்யலாமா? கொட்டை எங்கே வாங்குவது, புகைக்கு என்ன வழி, என்னென்ன அனுமதி? இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மாடவீதி மாமி:

முதலில் இதைச் சொல்லுங்கோ. என்ன கொட்டை? பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டையான பீபெரியா, தட்டைக் கொட்டையான பிளாண்டேஷன் ஏயா? எந்த நிறத்தில் இறக்குகிறீர்கள்? சிக்கரி உண்டா? எப்போது உட்கார்ந்து வறுக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் கரி அடுப்பில் அந்த உருளையைச் சுற்றுவது சின்னப் பிள்ளைகளின் வேலை. வீடு முழுக்க மணக்கும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் மிஷின் வாங்கலாமா என்று எப்படிச் சொல்வது?

பெரியதெரு விடுதி:

மாமி, முக்கால் பங்கு பிளாண்டேஷன் ஏ, கால் பங்கு பீபெரி. இரண்டையும் கலந்தே வறுக்கிறேன். சிக்கரி இல்லை. கரும்பழுப்பு வரும்போது, எண்ணெய் கசிவதற்கு முன்னால் இறக்கிவிடுவேன். நேரம் என்றால், 12 மணிக்கு அறைகள் காலியாகும், அடுத்த ஆட்கள் வர 3 ஆகும். பையன் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற அந்த நேரம் எனக்கு வேலை இல்லாத நேரம்.

அடையாறு வறுவல்:

நான் சிறிய அளவில் வறுத்து, தெரிந்தவர்களுக்கும் இரண்டு மூன்று சிற்றுண்டிக் கடைகளுக்கும் கொடுக்கிறேன். என் கருத்து, மிஷின் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். கையில் இருக்கும் உருளையில் இன்றைக்கும் அடுத்த வாரத்துக்கும் ஒரே ருசி வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது வந்த பிறகு மிஷின்.

பீபெரியையும் பிளாண்டேஷனையும் சேர்த்து வறுக்காதீர்கள். பீபெரி உருண்டை, நன்றாக உருளும், சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறும். தட்டைக் கொட்டை அப்படி இல்லை. ஒன்று சரியாக வந்திருக்கும்போது மற்றது அரை வறுவலாகவோ தீய்ந்தோ இருக்கும். தனித்தனியாக வறுத்து, ஆறிய பிறகு கலக்குங்கள்.

அரை கிலோ கொட்டைக்கு என் கணக்கு இது. உருளையை முதலில் நன்றாகச் சூடேற்றிவிட்டுக் கொட்டையைப் போடுவேன். பச்சைக்கொட்டையில் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கும். முதல் நாலைந்து நிமிஷம் அந்த ஈரம் போவதற்கே சரியாக இருக்கும். பச்சை வெளிறி, வைக்கோல் மஞ்சளாகும். புல் வாசனை மாறி, ரொட்டி சுடுகிற மணம் வரும். அந்த மணம் வந்த பிறகு தீயைக் கொஞ்சம் குறைக்கலாம். ஒன்பது பத்து நிமிஷத்தில் முதல் வெடிப்பு. கடுகு வெடிக்கிற மாதிரி தெளிவாகக் கேட்கும். கொட்டையின் சூடு அப்போது 200 டிகிரியை ஒட்டி இருக்கும். வெடிப்பு அடங்கி, கொஞ்சம் மௌனம். பிறகு 225 டிகிரி வாக்கில் இரண்டாவது வெடிப்பு, அது மெல்லிய சடசடப்பு. நம் ஃபில்டருக்கு, பாலோடு குடிக்கும் காபிக்கு, அந்தச் சடசடப்பு தொடங்கும் வேளைதான் இறக்க வேண்டிய இடம். அதற்கு வெகு முன்பே இறக்கினால் புளிப்பு நிற்கும், காபி ருசி பாலில் கரைந்து காணாமல் போகும். சடசடப்பு ஓடி முடிந்த பிறகு இறக்கினால் எந்தத் தோட்டத்துக் கொட்டையும் ஒன்றுதான், கரி ருசி மட்டுமே மிஞ்சும்.

இறக்கியதும் ஆற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உருளையை நிறுத்தினாலும் கொட்டைக்குள் இருக்கிற சூடு வறுத்துக்கொண்டே இருக்கும். அகலமான சல்லடையில் கொட்டி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, மூன்று நான்கு நிமிஷத்தில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொட்டையிலிருந்து கழன்ற மெல்லிய தோல், அதாவது உமியும் பறந்துவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். போடும்போது 500 கிராம், ஆறிய பிறகு எவ்வளவு? 430 என்றால் மிதமான வறுவல். 410 பக்கம் வந்தால் நம் ஊர் ஃபில்டர் வறுவல். 400க்குக் கீழே போனால் கருகிய பக்கம். ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். மேகமூட்டம், காற்று, கேஸ் குறைந்த சிலிண்டர், இதெல்லாம் நிமிஷக் கணக்கை மாற்றும். ஆனால் எடை இழப்பு ஒரே மாதிரி இருந்தால் ருசியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். வீட்டு வறுவலுக்கு இதைவிட மலிவான, நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியாது.

சேர்வராயன்:

ஏற்காட்டுப் பக்கம் சிறு தோட்டம் எங்களுடையது. கொட்டை பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மலையில் பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. பழத்தின் தோலைக் கழித்து, புளிக்கவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்து, மேல் ஓட்டை நீக்கித் தரம் பிரித்தால் அதுதான் பிளாண்டேஷன். பழத்தோடு அப்படியே காயவைத்தால் செர்ரி. புதுக்கொட்டை கைக்குக் கிடைக்க மார்ச் ஆகிவிடும். ஒரு தோட்டத்தில் மொத்தமாகப் பேசி வைத்துக்கொள்கிறவர்கள் அப்போது வந்தால் நல்லது. ஏற்காடு மட்டும் இல்லை, தாண்டிக்குடி, வால்பாறை, கூடலூர் எல்லாம் இருக்கிறது. பட்டிவீரன்பட்டியில் தரம் பிரித்து விற்கிறவர்கள் உண்டு.

கொட்டை வந்ததும் ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். ஊசி குத்திய மாதிரி சின்ன ஓட்டை இருந்தால் காய்த்துளைப்பான் வேலை. அந்த வண்டு 1990இல் கூடலூர்ப் பக்கம்தான் நம் நாட்டில் முதன்முதலில் கண்ணில் பட்டது, இன்றைக்கும் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. முழுக்கக் கறுத்தது, உடைந்தது, வெளிறிப்போனது எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். அதிகமாகப் புளித்துப்போன ஒரு கொட்டை ஒரு ஃபில்டர் டிகாக்‌ஷனையே நாற வைக்கும்.

சென்னைக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. ஐம்பது கிலோ மூட்டை மலிவு என்று வாங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். கொட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பூஞ்சை வாசனை வந்தால் எந்த வறுவலிலும் போகாது. பத்துப் பத்துக் கிலோவாக வாங்குங்கள். பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பினாயில், மசாலா, மண்ணெண்ணெய் பக்கத்தில் கூடவே கூடாது. விடுதி ஸ்டோர் ரூமில் அதெல்லாம்தான் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

கும்பகோணத்தான்:

சிக்கரி இல்லாமல் ஃபில்டர் காபியா? பொடிக்கு ஒரு பிடிப்பு, டிகாக்‌ஷனுக்கு ஒரு கெட்டித்தன்மை, அந்த நிறம், எல்லாம் சிக்கரியால் வருவது. நூற்றுக்கு இருபது போடுங்கள். தண்ணீர் மெதுவாக இறங்கும், கள்ளிச்சொட்டாக டிகாக்‌ஷன் விழும். விருந்தாளிகள் கேட்பதும் அந்தக் காபியைத்தான்.

அடையாறு வறுவல்:

சகோதரரே, ருசிக்காகக் கலப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவர் விற்கப்போவது "நானே வறுத்த ஏற்காட்டுக் கொட்டை" என்கிற ஒன்றை. கெட்டியான டிகாக்‌ஷன் வேண்டும் என்றால் வறுவலைச் சரியாக இறக்கி, பொடியை இன்னும் ஒரு சுற்று நைசாக அரைத்து, ஃபில்டரில் அழுத்தி வைத்தாலே கிடைக்கும். வேண்டும் என்கிறவருக்குக் கலவை தனியாகப் போடலாம். போட்டால் சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் தெளிவாக எழுத வேண்டும். சொல்லாமல் கலப்பது விருந்தாளிக்குச் செய்கிற துரோகம்.

மாடவீதி மாமி:

இரண்டு பேரும் சரி. விடுதிக் காபியில் போட வேண்டாம், கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் கலந்து கொடுக்கட்டும். மேலே போவோம்.

குரோம்பேட்டை கணக்கர்:

சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. விலை ஏறி இறங்கும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ரகக் காபிக்கொட்டை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது இங்கேயும் அதன் சூடு தெரிந்தது. ஆகவே விலைகளை ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பச்சைக்கொட்டை கிலோ 600 என்று வைப்போம். வறுத்தால் 18 சதவீதம் எடை போய்விடும். ஆக ஒரு கிலோ வறுத்த கொட்டையின் அடக்கம் 732 ரூபாய். பலர் இந்த இடத்தில்தான் 600ஐ வைத்தே விலை போட்டு நஷ்டப்படுகிறார்கள்.

உங்கள் உருளையில் ஒரு தடவைக்கு 410 கிராம் கிடைக்கும். வறுத்து, ஆற்றி, மறுபடி சூடேற்ற 20 நிமிஷம் என்றால் மணிக்கு மூன்று தடவை, 1,230 கிராம். வாரத்தில் இரண்டு மதியம், ஒவ்வொரு மணி நேரம் என்றால் 2,460 கிராம். விடுதிக்கு நாளைக்கு இருபது டம்ளர், டம்ளருக்கு 10 கிராம் பொடி என்றால் வாரத்துக்கு 1,400 கிராம் அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சம் 1,060 கிராம். அதாவது கால் கிலோ பாக்கெட் நாலு.

பாக்கெட்டுக்குக் கொட்டை 183, பை, லேபிள், கேஸ் எல்லாம் 25, மொத்தம் 208. விலை 280 வைத்தால் ஒன்றுக்கு 72, வாரத்துக்கு 288 ரூபாய்.

டம்ளரைப் பாருங்கள். பொடி 7 ரூபாய் 30 காசு, 100 மில்லி பால் 6, சர்க்கரையும் கேஸும் 2. ஏறக்குறைய 15.30. டம்ளர் 25 ரூபாய்க்குக் கொடுத்தால் 9.70 மிச்சம். வாரத்துக்கு 140 டம்ளர், சுமார் 1,350 ரூபாய். இதில் பையன் சம்பளமும் உங்கள் நேரமும் சேரவில்லை. இருந்தாலும் எந்தப் பக்கம் காசு நிற்கிறது என்பது தெரிகிறதல்லவா? மிஷின் வாங்கச் சொல்வது அந்த 288 ரூபாய்ப் பக்கம்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் கிலோ 900க்கு நல்ல பொடி வாங்கினாலும் டம்ளருக்கு 9 ரூபாய்தான் ஆகும். நீங்களே வறுப்பதால் மிச்சம் டம்ளருக்கு 1 ரூபாய் 70 காசு. காசை மட்டும் பார்த்தால் வறுப்பதற்குப் பெரிய நியாயம் இல்லை.

எழும்பூர் லாட்ஜ்:

கணக்கர் சாரின் கணக்கில் தப்பில்லை. ஆனால் விடுதித் தொழிலில் இருக்கிறவனாக ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் தெருவில் ஸ்டேஷனில் இறங்கி வருகிறவருக்கு எல்லா லாட்ஜும் ஒன்றுதான். கட்டில், ஃபேன், வெந்நீர். அடுத்த தடவை வரும்போது நம்மை ஞாபகம் வைத்துப் போன் செய்ய ஒரு காரணம் வேண்டும். இவருக்கு அந்தக் காரணம் கிடைத்திருக்கிறது. திரும்பி வருகிற ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கினால் வருகிற வாடகையைப் பாக்கெட் விற்று எடுக்க எத்தனை வாரம் ஆகும்? அந்த வரவைக் காபிக் கணக்கில் எழுத முடியாது, ஆனால் அது காபியால் வந்தது.

ஐஸ் ஹவுஸ் மேல்வீடு:

நான் வறுக்கிறவன் இல்லை, வறுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன். ஆகையால் புகை பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

காபி வறுபடும் மணம் தூரத்தில் இருந்தால் சுகம். பக்கத்து மாடியில் துணி உலரும்போது அந்த நீலப் புகை வந்தால் நல்ல வேட்டி எல்லாம் நாறும். ஆஸ்துமா இருக்கிற பெரியவர்களுக்கு இருமல் வரும். நம் பேட்டையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே கை நீட்டினால் தொடலாம். எங்கள் பக்கத்தில் எப்படிச் சரியாயிற்று என்றால், காற்றைப் பார்த்து வறுக்க ஆரம்பித்தார்கள். கோடையில் காலையில் மேற்கிலிருந்து காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பி கிழக்கிலிருந்து அடிக்கும். கடல்காற்று எழுந்துவிட்டால் உங்கள் புகை மேற்கே இருக்கிற வீட்டுக்குத்தான் போகும். அந்த வீட்டில் போய்ப் பேசுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் அவர்களே துணியை எடுத்துவிடுவார்கள். சொல்லாமல் செய்தால்தான் கோபம். முதல் பொடியில் ஒரு பொட்டலம் அந்த வீட்டுக்குக் கொடுங்கள், அது முறை.

அடையாறு வறுவல்:

மேல்வீட்டுக்காரர் சொன்னதோடு இன்னும் இரண்டு. மாடிக் காற்றில் தீ அலைபாயும், அடுப்பின் மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வையுங்கள். உருளைக்குள்ளும் அடுப்பைச் சுற்றியும் உமி சேர விடாதீர்கள், அது காய்ந்த சருகு, எளிதில் பற்றும். உள்ளே கொட்டையே பற்றிக்கொண்டால் பதறிப்போய்த் திறக்கக் கூடாது. கேஸை மூடி, உருளையின் வாயை மூடியே வைத்து, காற்று போகாமல் செய்ய வேண்டும். பக்கத்தில் மணல் வாளி கட்டாயம்.

வறுத்த கொட்டை கரியமில வாயுவோடு கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் விடும். மூட்டை மூட்டையாகக் காற்றோட்டம் இல்லாத அறையில் அடைத்து, அதிலேயே யாரையும் படுக்க வைக்காதீர்கள். அரை கிலோ, ஒரு கிலோவுக்குப் பயம் இல்லை. ஆனாலும் ஜன்னல் இருக்கிற இடமே நல்லது.

வேளச்சேரி உரிமம்:

அனுமதி பற்றிச் சுருக்கமாக. விடுதியில் காபி கொடுக்கிறீர்கள் என்றாலே உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்க வேண்டும். 2011 விதிகள் ஆண்டுக்கு 12 லட்சம் வரை விற்பனை உள்ளவர்களைச் சிறு வியாபாரி என்று வைத்து, உரிமத்துக்குப் பதிலாகப் பதிவு போதும் என்றன, கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். இப்போதைய வரம்பை இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வறுத்துப் பாக்கெட் போடுவது தயாரிப்பு என்பதால் அந்த வகையையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். பாக்கெட்டில் பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் செய்த மாதமும் வருஷமும், உங்கள் முகவரி, 14 இலக்கப் பதிவு எண், பச்சைப் புள்ளி எல்லாம் வர வேண்டும்.

மாடியில் வீட்டு சிலிண்டரா வைத்திருக்கிறீர்கள்? 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். தொழிலுக்கு 19 கிலோ போன்ற வணிகச் சிலிண்டர்தான். இதில் விளையாட வேண்டாம்.

பெரியதெரு விடுதி:

சிலிண்டர் வணிகச் சிலிண்டர்தான், விடுதிச் சமையலறைக்கு வாங்குவது.

எல்லாருக்கும் நன்றி. கணக்கர் சார் போட்ட கணக்கை என் விலைகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. மிஷின் இப்போதைக்கு வேண்டாம். பாக்கெட் வியாபாரமாகக் கடை கடையாக ஏறுவதும் வேண்டாம். இங்கே தங்குகிறவர்களுக்கு டம்ளரில் காபி. காலி செய்கிற முந்தின நாள் ராத்திரி யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் ஒரு கால் கிலோ. காரைக்குடி அம்மாவுக்கு மாதம் ஒரு பார்சல். பீபெரியைத் தனியாக வறுத்துப் பார்த்தேன், அடையாறு சார் சொன்ன வித்தியாசம் முதல் டிகாக்‌ஷனிலேயே தெரிகிறது. தட்டைக் கொட்டைகளில் முன்பு தெரிந்த அந்தக் கருகல் திட்டு இப்போது இல்லை. மேற்குப் பக்கத்து வீட்டில் போய்ப் பேசினேன். செவ்வாயும் வெள்ளியும் 1 மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கருக்கலாமே என்றார்.

வறுவலை முறையாகப் படிக்க எங்காவது வழி இருக்கிறதா?

சேர்வராயன்:

பெங்களூரில் காபி வாரியம் ‘காபி சாஸ்திரா’ என்று ஒரு குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. கொட்டையைத் தரம் பார்ப்பது, வறுப்பது, கலப்பது, ருசி பார்ப்பது எல்லாம் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். விடுதியைச் சில நாள் யாராவது பார்த்துக்கொள்ள முடிந்தால் போய்வாருங்கள். அதற்கு முன்னால் மார்ச்சில் எங்கள் மலைக்கு ஒரு நடை வாருங்கள், களத்திலேயே கொட்டையைப் பார்த்து எடுக்கலாம்.

மாடவீதி மாமி:

வெள்ளிக்கிழமை வறுத்ததை எப்போது அரைக்கிறீர்கள்? சுடச்சுட அரைத்தால் ஃபில்டரில் பொங்கிக்கொண்டு நிற்கும், டிகாக்‌ஷன் இறங்காது.

அடையாறு வறுவல்:

மாமி சொல்வது சரி. உள்ளே இருக்கும் வாயு வெளியேற ஒரு நாளாவது வேண்டும். வெள்ளி வறுத்தால் ஞாயிறு காலை அரையுங்கள், டப்பாவை அதுவரை இறுக்கி மூட வேண்டாம். விருந்தாளிக்குக் கொடுக்கும் பாக்கெட்டுக்கு ஒருவழி வால்வு உள்ள பை வாங்குங்கள். வீட்டில் அரைக்கிற மிஷின் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, இருந்தால் கொட்டையாகவே கொடுத்துவிடுங்கள். பொடியாக வாங்குகிறவரிடம் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லுங்கள்.